அட்டிக்கில் ஹாம் ஆன்டெனா: கம்பியைவிட பிரேக்கர் தந்த தொல்லை

நியூஜெர்சியில் எங்கள் வீடு குடியிருப்போர் சங்கத்துக்கு உட்பட்டது. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்புக்கு, ஆன்டெனாவாகக் கொல்லையில் ஒரு கம்பி கட்ட அனுமதி கேட்டேன். படிவம் கேட்டார்கள், பிறகு வரைபடம் கேட்டார்கள், கமிட்டி கூடும்வரை பொறுங்கள் என்றார்கள். கடைசியில் ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். டிவி டிஷ்ஷுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தரும் பாதுகாப்பு ஹாம் ஆன்டெனாவுக்குக் கிடையாது. ஹாம் ஆன்டெனாவுக்கு ஆதரவாக எஃப்சிசியிடமிருந்து 1985இல் வந்த பிஆர்பி-1 ஆணையும் மாநில அரசையும் உள்ளாட்சியையும்தான் கட்டுப்படுத்தும், தனியார் சங்கத்தை அல்ல. இவற்றைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மிஞ்சியது அட்டிக், அதாவது கூரைக்கு அடியிலுள்ள காலி இடம். எங்களுடையது தனி வீடு என்பதால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் அட்டிக் பொதுச் சொத்தாக இருக்கலாம். பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கூரைப் பலகையின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்ஸாஸ் பக்கம் வெயிலுக்காக ஒட்டுவார்கள். அது இருந்தால் அலை வெளியே போகாது, அங்கே கட்டுவதே வீண்.

நான் கட்டியது 20 மீட்டர் அலைநீள பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரு கம்பிகள்; பக்கத்துக்கு ஐந்து மீட்டர். கட்டி முடிப்பது சுலபமாகவே இருந்தது. வீட்டு ஒயரும் ஏசி குழாயும் அருகில் இருப்பதால் கணக்குப்படி வெட்டிய கம்பி தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிவிடும். முதலிலேயே குட்டையாக வெட்டாமல், மேலேயே அளந்து சிறிது சிறிதாக நறுக்குங்கள். அட்டிக்கில் வெப்பத்தைத் தடுக்கப் பரப்பியிருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சு பட்டால் தோல் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கட்டாயம். மரச் சட்டத்தின் மேல் மட்டுமே கால் வையுங்கள்.

உண்மையான தலைவலி அதன் பிறகுதான். ரேடியோவில் 100 வாட்டில் அழைப்பு அனுப்பியதும் வீட்டிலுள்ள புகை எச்சரிக்கை மணிகள் அத்தனையும் அலறின, படுக்கையறை பிரேக்கர் விழுந்தது. புதிய வீடுகளில் இருக்கும், தீப்பொறி எழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர், ஒயரில் ஏறும் ரேடியோ அலையைத் தீப்பொறி என்று எடுத்துக்கொள்கிறது. வந்த எலக்ட்ரீஷியனோ, "ரேடியோவால் பிரேக்கர் விழாது" என்று அடித்துச் சொல்லிக் கட்டணத்தையும் கேட்டார். அவரை பிரேக்கர் பெட்டியின் முன் நிற்கவைத்துவிட்டு மாடிக்குப் போய் ரேடியோவில் அழைத்தேன். கீழே வந்து பார்த்தால் பிரேக்கரின் பிடி விழுந்து பாதியில் நிற்கிறது. மறுபடி ஏற்றினார்; நான் மறுபடி அழைத்ததும் மறுபடி விழுந்தது. அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச் அடித்து மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனவர், வேறு வகை பிரேக்கரோடு வந்து மாற்றிக் கொடுத்தார். எனக்கு அவ்வளவு நிம்மதி!

மணிகளை அடக்கியது ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான வளையம். 31 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ஆன்டெனாவில் கேபிள் சேரும் இடத்திலேயே கேபிளை அந்த வளையத்தினுள் பல சுற்றுச் சுற்றினால், கேபிளின் வெளியுறை வழியாகத் திரும்பி வரும் அலை வெகுவாகக் குறைந்துவிடும்.

கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். எஃப்சிசி 2021இல் விதியை மாற்றிய பிறகு குறிப்பிட்ட வாட்டுக்குள் இருந்தால் கணக்கிட வேண்டாம் என்ற பழைய விலக்கு போய்விட்டது. எங்கள் படுக்கையறை கம்பிக்கு நேர் கீழே என்பதால் 30 வாட்டோடு நிறுத்திக்கொண்டேன். மெல்லிய சிக்னலையும் கணினி படித்துவிடும் எஃப்டி8 முறையில் அதுவே போர்ச்சுகல் வரை எட்டுகிறது. அடுத்தது 40 மீட்டர் பேண்டு. அதற்கு அட்டிக்கின் நீளம் போதாது, முனைகளை மடக்கித்தான் கட்ட வேண்டும். மீதி பிரேக்கர்களை மாற்றிய பிறகே மேலே ஏறுவேன்.