உதகையில் குறைந்த 0.12 கிராம்

மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், உதகமண்டலத்தில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஆய்வறையில் புதிய தராசு ஒன்றை நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்தது. சென்னையில் எங்கள் பணிமனையில் 200 கிராம் எடைக்கல்லை வைத்துத் திருத்தி, திரையில் 200.00 என்று நிலையாக நிற்பதை மூன்று முறை பார்த்த பிறகே அதைப் பெட்டியில் அடைத்தேன். மறுநாள் உதகையில் நீர்மட்டக் குமிழை நடுவில் நிறுத்தி, அரை மணி நேரம் சூடேற விட்டு, அதே எடைக்கல்லை வைத்தபோது 199.88 என்று காட்டியது.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியதில், தராசுக்குள் சுமையை உணரும் பாகமான லோட் செல் அடிபட்டிருக்கும் என்று முடிவுகட்டி, தராசைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். நல்ல வேளையாக, அதற்கு முன் பணிமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லியிருந்தேன், எங்கள் மூத்த பொறியாளர் திரும்ப அழைத்து, "தம்பி, எதையும் கழற்றாதீங்க. நீங்க நிற்கிற இடம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். ஏறத்தாழ 2,240 மீட்டர். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய ஒரு பாடம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

லோட் செல் என்பது ஓர் அலுமினியத் துண்டு. மேலே பொருளை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவில் அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உணரிகளின் மின்தடை மாறுகிறது. ஆகவே அது உணர்வது, பூமி அந்தப் பொருளைக் கீழே இழுக்கும் விசையை மட்டுமே. அந்த விசைதான் எடை. பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவாகிய நிறையை அது நேரடியாக அறிவதில்லை. சென்னையில் இவ்வளவு விசை இருந்தால் 200 கிராம் என்று நான் கற்றுக்கொடுத்ததை உதகையிலும் அப்படியே ஒப்பித்தது. (இலங்கைப் பாடநூல்களில் நிறையைத் திணிவு என்றும் எடையை நிறை என்றும் சொல்வார்கள் என்பதால், யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் இதைப் பேசும்போது முதலில் சொற்களைச் சரிபார்த்துக்கொள்வேன்.)

இழுவிசை, பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் உதகையில் 10,000-இல் 7 பங்கு குறைய வேண்டும். ஆனால் காலடியில் இருக்கும் மலையின் பாறைத் திரளும் தன் பங்குக்கு இழுப்பதால் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. என் தராசு 10,000-இல் 6 பங்கைக் குறைத்துக் காட்டியது. கருவி குற்றமற்றது என்பது மட்டுமல்ல, காலடியில் நின்ற மலையையும் சேர்த்தே அது அளந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளருக்கும் இத்தகைய அனுபவம் நேர்ந்தது. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் அங்கே ஈர்ப்பு குறைவு என்பதற்கு நியூட்டன் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவாகிய ஈர்ப்பு முடுக்கம், துருவத்தில் விநாடிக்கு விநாடி 9.83 மீட்டர், நிலநடுக்கோட்டில் 9.78 மீட்டர்.

எடை மாறுகிறது, நிறை மாறவில்லை என்பதற்கு என்ன சாட்சி? எங்கள் பணிமனையில் பித்தளைத் தட்டுகள் கொண்ட பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று இருந்தது. ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் எடைக்கல்லும் இருக்கும்போது, ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. முள் நடுவிலேயே நிற்கிறது. அதை உதகைக்கு மட்டுமல்ல, நிலவுக்கே கொண்டுபோனாலும் அதே கல்தான் ஈடு கொடுக்கும்.

இன்னொரு சாட்சி என் தோள்களுக்குத் தெரியும். எடைமேடைகளைச் சோதிக்க 20 கிலோ வார்ப்பிரும்புக் கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்வோம். சமதளத்தில் அந்தச் சுமை முழுவதையும் தரை தாங்கிக்கொள்கிறது. நான் எதையும் தூக்கவில்லை. இருந்தும் வண்டியை நகர்த்த மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது, ஓடத் தொடங்கியதை நிறுத்துவதும் எளிதல்ல. அசைக்க வருபவனை எதிர்க்கும் அந்தப் பிடிவாதம்தான் நிறை. பூமி இழுப்பதும் அதே நிறையைப் பொறுத்தே: இரு மடங்கு நிறையுள்ள பொருளை இரு மடங்கு விசையால் இழுக்கிறது, அதுவும் இரு மடங்கு எதிர்க்கிறது, ஆகவே காற்றில்லாத இடத்தில் இறகும் சுத்தியலும் ஒன்றாகவே விழும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று அதைச் செய்துகாட்டினார்.

அன்று தொழிற்சாலை மேலாளர், "அப்போ இங்கே வேற தராசில் இவ்வளவு நாள் போட்ட ஈரப்பதக் கணக்கெல்லாம் தப்பா சார்?" என்று கவலையோடு கேட்டார். தப்பில்லை. உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் நிறுத்த இரண்டு அளவுகளும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சதவீதம் மாறாது. ஆனால் பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. தராசை அது நிற்கும் இடத்திலேயே, நிறை தெரிந்த கல்லைக் கொண்டு திருத்தியாக வேண்டும். அப்படியே திருத்தினேன், 200.00 என்று நின்றது.

அதன்பின் நான் நிறுவிய ஒவ்வொரு தராசின் பக்கவாட்டிலும் ஒரு சிறு அட்டையை ஒட்டிவருகிறேன். அதில் திருத்திய நாளுக்கு முன்பாக ஊரின் பெயரை எழுதுகிறேன்.