"அப்புறம் பேசலாம்" என்றேன்

திட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடிப் பேசும் கூட்டங்களை எத்தனையோ நடத்தியிருக்கிறேன். வீடுகளுக்குக் கழிப்பறை கட்டிய திட்டத்துக்காகக் கூடிய அந்த ஒரு கூட்டம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

சார்ட்டில் கேள்விகளை எழுதியது நான்தான். என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த முறை என்ன செய்யலாம். அமெரிக்க ராணுவத்தில் 1970களில் பயிற்சிக்குப் பிறகு உட்கார்ந்து பேச உருவான முறை இது, இங்கே பதவி பார்க்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண் அதை நம்பிவிட்டாள்.

இரண்டாவது கேள்விக்கு எழுந்தாள். "அக்கா, கழிப்பறை கட்டினது சரி. நான் பார்த்த ஆறு வீட்டுல ரெண்டு குழிக்கும் சேர்ந்தே போகுது." போனை நீட்டினாள். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் சின்னத் தொட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாயைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்திருக்க வேண்டும். இரண்டுமே திறந்து கிடந்தன.

இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு உயிரே அந்தச் செங்கல்தான். ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் போக வேண்டும். ஒன்று நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பினால், முதல் குழியில் இருப்பது ஒன்றரை, இரண்டு வருடத்தில் மக்கி எருவாகிவிடும். இரண்டும் ஒன்றாக நிரம்பினால் அள்ளுவதற்கு ஆளைத்தான் தேடுவார்கள். மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. நாங்கள் கட்டிய குழியே அதற்கு வழி விட்டிருந்தது.

நிதி கொடுத்தவர்களின் அதிகாரி எதிரே இருந்தார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "சரிம்மா, இதை அப்புறம் பேசலாம்" என்றேன்.

தினக்கூலிக்காரரை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். இப்போதும் அதில் உண்மை இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அவருக்கு வரைபடத்தை விளக்கியிருக்க வேண்டியவள் நான். விளக்கவில்லை. அப்படியென்றால் நான் காப்பாற்றியது யாரை?

மறுவாரமே ஆறு வீட்டிலும் அடைத்துக் கொடுத்தோம். மற்ற வீடுகளைத் திறந்து பார்க்கவில்லை. அன்று பேசியிருந்தால் பார்த்திருப்போம். இப்போதெல்லாம் வெளியாட்கள் இல்லாமல்தான் கூட்டம் வைக்கிறேன். அதுவும் சரிதானா? அந்த அதிகாரி முழுதாகக் கேட்டிருந்தால், எல்லா வீட்டையும் பார்க்க அவரே பணம் ஒதுக்கியிருக்கலாம்.

அவள் இன்னும் வருகிறாள். சுவரோரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுகிறாள். அவள் முறை வந்தால், "எல்லாம் சரியா இருக்குக்கா" என்கிறாள்.