சிவப்பு வட்டமிட்ட நாலு பீஸ்

2012-இல் கோவை கணபதியில் ஒரு சின்ன டர்னிங் யூனிட்டில் குவாலிட்டி வேலை பார்த்தேன். பம்புக்கான ஷாஃப்ட் கடைவோம். ஃபினிஷ் டர்னிங் விட்டம் 24.00 மில்லிமீட்டர், கூடக் குறைய 0.03 வரை போகலாம், இதைத்தான் டாலரன்ஸ் என்போம். ஒருநாள் கஸ்டமரிடமிருந்து கடிதம்: இனிமேல் ஒவ்வொரு லாட்டோடும் கண்ட்ரோல் சார்ட் வரவேண்டும், சிபிகே 1.33-க்குக் குறையக்கூடாது. கண்ட்ரோல் சார்ட் என்பது அளவுகளை நேர வரிசையில் புள்ளியாக வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்ட படம். சிபிகே என்பது அளவு டாலரன்ஸுக்குள் எவ்வளவு தாராளமாக நிற்கிறது என்று சொல்லும் எண், கூடினால் நல்லது.

கல்லூரியில் படித்ததுதானே என்று இறங்கினேன். முதல் அடியிலேயே சறுக்கல். எங்களிடம் இருந்த மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் காட்டுவது. அஞ்சு பீஸ் அளந்து பெரியதில் சின்னதைக் கழித்தால் (இதுதான் ரேஞ்ச்) பூஜ்யம், 10 மைக்ரான் (அதாவது 0.01 மில்லிமீட்டர்), 20 மைக்ரான் என்று மூன்றே விடைதான் வந்தது. அதை வைத்துச் சார்ட் போட முடியாது. முதலாளியிடம் நச்சரித்து ஒரு மைக்ரான் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்க மூன்று வாரம் போயிற்று.

அடுத்த சறுக்கல் முழுக்க என்னுடையது. அஞ்சு பீஸின் சராசரியைப் புள்ளியாக வைக்கும் சார்ட்டில், டிராயிங்கில் இருந்த 24.03, 23.97 இரண்டையும் சிவப்புக் கோடாக இழுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டியே அழகாக நின்றது. அழகுதான் உறுத்தியது. மொத்தத் தாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "ஷிப்ட் முடியறப்போ எழுதினதுங்க. கோட்டத் தாண்டுச்சுன்னா திட்டுவீங்கல்ல?"

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். நேரம் எழுதக் கட்டம், பக்கத்தில் குறிப்பு எழுத இடம். ஒரு மணிக்கு ஒருமுறை தொடர்ந்து வரும் அஞ்சு பீஸ். இப்படி 25 தடவை. கோடு இந்தமுறை டிராயிங்கிலிருந்து வரவில்லை, மெஷின் கொடுத்த அளவிலிருந்தே வந்தது. ஒட்டுமொத்தச் சராசரி 24.004, ரேஞ்சின் சராசரி 18 மைக்ரான். அஞ்சு அஞ்சாக அளந்தால் பெருக்கவேண்டியது என்று அட்டவணையில் இருக்கும் எண் 0.577, அதை 18-ஆல் பெருக்கினால் சுமார் 10 மைக்ரான். நடுவிலிருந்து மேலே 10, கீழே 10, அவ்வளவுதான் எல்லை. டாலரன்ஸ் என்பது கஸ்டமரின் ஆசை, இது மெஷினின் சுபாவம். 1924 மே மாதம் அமெரிக்க இன்ஜினியர் ஷூஹார்ட் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து காட்டியது இந்தப் படத்தைத்தான். அவரே 1947-48-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைப்பில் இந்தியா வந்து போயிருக்கிறார். அவர் சார்ட் எங்கள் பட்டறைக்கு வந்துசேர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கணக்குப் போட்டால் சிபிகே 1.12. கஸ்டமர் கேட்டது 1.33. புது மெஷின் வாங்கினால்தான் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரு ஷிப்ட் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு பீஸையும் அளக்கிறார். 6 மைக்ரான் கூட இருந்தால் உடனே ஆஃப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) 6 குறைக்கிறார், அடுத்தது 5 குறைவாக வந்தால் 5 ஏற்றுகிறார். அக்கறையான வேலைக்காரர், அந்த அக்கறைதான் அளவை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த 6 மெஷினின் இயல்பான ஆட்டம், சும்மா விட்டால் அடுத்த பீஸ் எப்படியும் சராசரியைச் சுற்றித்தான் வரும். இவர் திருத்தப்போய் மெஷினின் ஆட்டமும் இவர் ஆட்டமும் சேர்ந்துகொண்டன.

"கை வைக்காதீங்கண்ணே, கோட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் விட்ருங்க" என்றேன். "அளவு ஏறுறது கண்ணுக்குத் தெரியுது, பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கை வைக்கவுமில்லை. ரேஞ்ச் சராசரி 13-க்கு இறங்கியது. சிபிகே 1.55. செலவு ஒரு பைசா இல்லை.

எல்லையைத் திரும்பக் கணக்குப் போட்டு மேலே 7.5, கீழே 7.5 என்று சுருக்கினோம். அப்போதுதான் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. தினமும் இரண்டு மூன்று புள்ளி மேல்கோட்டைத் தாண்டும். அதுவும் குறிப்பிட்ட நேரங்களில். நேரத்தை எழுதி வைத்ததால் பிடித்தோம்: எல்லாமே கரன்ட் வந்த பிறகான முதல் அரைமணி. அந்த வருஷத்து மின்வெட்டு கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டீசல் கட்டுப்படியாகாது என்று கம்ப்யூட்டரில் ஓடும் அந்த சிஎன்சி மெஷினை ஜெனரேட்டரில் ஓட்டமாட்டோம். மணிக்கணக்கில் ஆறிக்கிடந்த மெஷின் சூடேறி நிலைக்கு வரும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. டாலரன்ஸுக்குள்தான் இருந்தது என்பதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. பீஸ் போடாமல் 15 நிமிஷம், பீஸைச் சுழற்றும் ஸ்பிண்டிலை மட்டும் ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆரம்பிப்பது என்று வைத்தோம். முதலாளிக்கு அந்த 15 நிமிஷம் இன்னும் வயிற்றெரிச்சல்.

டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்தால் விட்டம் மெல்ல ஏறும். நடுக்கோட்டுக்கு மேலேயே எட்டுப் புள்ளி வரிசையாக நின்றால் இன்சர்ட்டைப் பார் என்ற விதி அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆறு மாதம் கழித்துக் கஸ்டமர் பக்கத்திலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்தார். சுத்தமான தாள்களை வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றார். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி, சுற்றிலும் சிவப்பு வட்டம், பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தில் பென்சிலில், "கரன்ட் போய் வந்தது. சூடு பண்ண மறந்தாச்சு. 4 பீஸ் தனியா வெச்சிருக்கு." அந்த நாலையும் காட்டச் சொன்னார். அண்ணன் போய்ச் சிவப்பு டப்பாவோடு வந்தார்.