ஒன்பது பத்துக்கு உள்ளே வந்தவர்

எங்கள் கடற்கரையில் ஏஜென்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து, மீனை எடுத்து, கம்பெனிக்குத் தள்ளிவிட்டு, நடுவில் கமிஷன் பார்ப்பவர். அதனால், "எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஏஜென்டைப் போடப் போகிறோம்" என்று நான் சொன்னதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு எவ்வளவு கமிஷன்?" எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால், அன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. என் பொறுப்பு. பெரிய பட்டாளம் ஒன்றும் இல்லை, நானும் டிப்ளமோ முடித்த ஒரு பையனும். பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று கொள்முதல் கூடங்கள், ஒரு குளிர்பதனக் கிடங்கு, அலுவலகம், எல்லாம் சேர்த்து அறுபது சொச்சம் கம்ப்யூட்டர். உப்புக்காற்றில் நெட்வொர்க் சுவிட்சின் பின்கள் பச்சை பூத்துப் போகும். தொண்டியில் ஒரு பிரிண்டர் மக்கர் செய்தால் போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் காலி. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா மெஷினையும் பார்க்க, பேட்ச் (மென்பொருளுக்கான திருத்தம்) போட, கோளாறைச் சரிசெய்ய ஒரு மென்பொருள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். அது ஒவ்வொரு மெஷினிலும் உட்காரவைக்கும் சின்ன நிரலுக்குத்தான் ஏஜென்ட் என்று பெயர். மதுரை விற்பனையாளர் ஒருவர் மூலம் வாங்கினோம். பெயர் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கூடங்களில் வேலை குறைவு. நிறுவுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளும் சமர்த்தாகத்தான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜூன் 16 விடியற்காலை. தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வருஷத்தில் பெரிய வரத்து அன்றைக்குத்தான். எடை மேடையில் இறால் பெட்டிகள் வரிசையாக ஏறின. தராசு கம்ப்யூட்டரோடு இணைந்தது. பெட்டி வைத்ததும் எண் திரையில் விழும், கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்) பார்த்து ரகம் தட்டினால் சீட்டு வரும். மூன்றாவது பெட்டி மேடையில் இருந்தபோது மணி நாலரை. திரை நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. "புதுப்பிக்கப்படுகிறது, 14 சதவீதம், அணைக்க வேண்டாம்."

நான் கூடத்தில்தான் நின்றேன். பாம்பனிலிருந்து போன். அதை எடுப்பதற்குள் ஏர்வாடியிலிருந்து இன்னொன்று. எல்லா இடத்திலும் அதே வட்டம்.

எங்கள் கணக்கப்பிள்ளைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. திரையை ஒரு பார்வை பார்த்தார். "என்ன தம்பி, தூங்கிருச்சா? சரி, நோட்டை எடு" என்று மேஜைக்கடியிலிருந்து நீள நோட்டை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நாலாவது பெட்டியிலிருந்து பிரச்சினை இல்லை. முதல் மூன்று பெட்டியின் எடை சேமிக்கப்படாமல் போயிருந்தது. மறுபடி நிறுத்துக்கொள்ளலாம் என்று நான் வாயெடுத்ததும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பிடித்துக்கொண்டார். "மொத எடையப் பார்த்தது உங்க கம்ப்யூட்டர். இப்ப நிறுத்தா ஐஸ் தண்ணி வடிஞ்சு குறையும். அது என் தலையிலயா?"

நியாயமான கேள்வி. முதலாளிக்குப் போன் போட்டேன். முழுசாகக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. "அவர் என்ன எடை சொல்றாரோ அதைப் போட்டு விடுங்க" என்றார். பத்து நிமிஷத்தில் விவகாரம் முடிந்தது. எங்களுக்கும் அந்தச் சம்மாட்டிக்கும் நடுவில் ஒரு துண்டுத்தாள் ஒப்பந்தம்கூடக் கிடையாது.

மென்பொருள்காரர்களோடு 14 பக்க ஒப்பந்தம் இருந்தது. 4 மணி நேரத்துக்குள் பதில் என்று அதில் இருக்கும். உண்மையில் இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது: "உங்கள் புகார் பெறப்பட்டது." ஒப்பந்தப்படி அதுதான் பதில். சரிசெய்து தரும் நேரம் என்று ஒன்று அதில் எங்குமே இல்லை. கையெழுத்துப் போடும்போது நான் இந்த இரண்டையும் ஒன்றாகவே படித்திருக்கிறேன். 11 மணிக்கு ஒரு மின்னஞ்சல். எங்கள் பக்கம் கோளாறு ஏதும் இல்லை, உங்கள் பகுதியில் இணையத் தொடர்பு சீராக இல்லாததால் இருக்கலாம், புகார் முடித்துவைக்கப்படுகிறது. பாம்பன் நெட்டைப் பழி சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். நானே பாதி நம்பிவிட்டேன்.

குடைந்துகொண்டிருந்தது அந்த நாலரை மணி. மூன்று ஊரில் ஒரே நிமிஷத்தில் நெட் எப்படிக் கெடும்? பேட்ச் போடும் நேரம் இரவு 11 என்றுதான் எங்களோடு பேசி வைத்தது. சாப்பிடும்போது பொறி தட்டியது. 11 மணியோடு ஐந்தரையைக் கூட்டினால் காலை நாலரை. அவர்கள் சர்வர், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடியிருக்கிறது. தடைக்காலம் முழுக்க நம் மெஷின்கள் நாலரைக்குத்தான் அணைந்து எழுந்திருக்கின்றன, பார்க்க ஆள் இல்லை.

ஓடிப்போய் அமைப்பைத் திறந்து பார்த்தால், நேர மண்டலம் இந்திய நேரம் என்று சரியாக இருக்கிறது! தலை சுற்றியது. அப்புறம்தான் தணிக்கைப் பதிவைத் திறந்தேன். யார் எப்போது நுழைந்தார், எதை மாற்றினார் என்று வரிவரியாக இருக்கும். அன்று காலை 9.10க்கு அவர்களின் சப்போர்ட் கணக்கு ஒன்று உள்ளே வந்திருக்கிறது. நேர மண்டலத்தை மாற்றியிருக்கிறது. நாலு நிமிஷத்தில் வெளியே போயிருக்கிறது. அந்தக் கணக்குக்கு எல்லா மெஷினிலும் முழு உரிமை. அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆக, 9.10க்குத் தப்பைத் திருத்திவிட்டு, 11 மணிக்குத் தப்பே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நேர மண்டலத்தைத் தவறாக வைத்தது எனக்குக் கோபம் இல்லை. நிறுவி முடித்த அன்று கொடுத்த சரிபார்ப்புப் பட்டியலில் "நேர அமைப்பு" என்ற வரிக்கு எதிரே டிக் அடித்திருப்பது என் பேனாதான். சொல்லாமல் உள்ளே வந்து போனதுதான் பொறுக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்து வைத்தோம். உடைத்த குடத்தைப் புதிதாக மாற்றி வைத்துவிட்டு, நான் வரவே இல்லை என்கிறார்கள்.

இன்னொரு வினை பிறகு தெரிந்தது. கிடங்கின் வெப்பநிலையைப் பதியும் கம்ப்யூட்டரும் அந்த நாலரை மணிக் கூட்டத்தில் சேர்த்தி. குளிர் மைனஸ் 18க்குக் கீழேதான் இருந்தது, சரக்குக்கு ஒன்றும் இல்லை. பதிவில் மட்டும் ஐம்பது நிமிஷ ஓட்டை. வாங்குபவரின் தணிக்கையாளர் அந்த ஓட்டையில் பேனா முனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மீன் நன்றாக இருந்தது என்று என்னால் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது.

தொழிலில் இதெல்லாம் புதுசு இல்லை. 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில், ஓரியன் என்ற நிர்வாக மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே உளவு நிரல் புகுந்திருந்தது. கம்பெனியின் சொந்த டிஜிட்டல் கையெழுத்தோடு வந்த அப்டேட் அது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒழுங்காக அப்டேட் போட்டவர்களே மாட்டினார்கள். கண்டுபிடித்துச் சொன்னது விற்றவர் இல்லை, ஃபயர்ஐ என்ற வாடிக்கையாளர். 2021 ஜூலையில் கசேயா என்ற இன்னொரு நிர்வாக மென்பொருள் வழியாகத் தாக்குதல் நடந்தபோது, ஸ்வீடனில் கூப் என்ற கடைத்தொடர் சுமார் 800 கடைகளை மூட வேண்டியிருந்தது. கசேயாவை அவர்கள் நேரடியாக வாங்கியதுகூட இல்லை, அவர்களுக்கு வேலை செய்தவர்களின் வழியில் வந்தது. மதுரை விற்பனையாளர் வழியாக வாங்கிய எனக்கு, சோலார்விண்ட்ஸைவிட இந்தக் கதைதான் வயிற்றைக் கலக்கும்.

2024 ஜூலை 19, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி. நம் நேரம் காலை 9.39க்கு ஒரு பழுதான கோப்பு வெளியே போனது. 78 நிமிஷத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. அடுத்த மாதம் காரணத்தை எழுதி வெளியிட்டார்கள்: புதுக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, நிரல் கொடுத்தது 20. அவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு அந்த அறிக்கை ஈடாகாது. இருந்தாலும் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எனக்கு யாரும் 21, 20 என்று சொல்லவில்லையே.

சந்தாவைப் புதுப்பிக்க மதுரையிலிருந்து ஆள் வந்தார். பதிவின் அச்சை மேஜையில் வைத்து, "ஒன்பது பத்துக்கு யார் வந்தது?" என்றேன். "அது சார், எங்க டீம் ஹெல்ப் பண்ணினது" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நஷ்ட ஈடு என்று கேட்டதற்கு ஒப்பந்தத்தின் 11வது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: பொறுப்பின் எல்லை, கடந்த 12 மாதத்தில் நாங்கள் கட்டிய தொகை, வியாபார நஷ்டம் அதில் சேராது. எல்லா ஒப்பந்தத்திலும் கிட்டத்தட்ட இந்த வரி இருக்கும், நான்தான் அதுவரை படித்ததில்லை.

மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். சீசன் நடுவில் அறுபது மெஷினிலிருந்து ஏஜென்டைப் பிடுங்கி இன்னொன்றை நடுவது லேசான காரியம் இல்லை. அதே மென்பொருளில்தான் இருக்கிறோம், கூடுதலாக இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு. அவர்கள் கணக்கு எப்போதும் பூட்டியே இருக்கும், நாங்கள் திறந்தால் 4 மணி நேரம், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். பேட்ச் முதலில் என் மெஷினிலும் அலுவலகத்தில் இரண்டு மெஷினிலும் ஒரு வாரம் ஓட வேண்டும். அமைப்பில் அவர்கள் எதைத் தொட்டாலும் அன்றே எழுத்தில் வர வேண்டும். பதிவுகளை 30 நாளில் அழிப்பது அவர்கள் வழக்கம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு 180 நாள் வைக்கச் சொல்கிறது. அதைக் காட்டியதும் மறுபேச்சு இல்லை. இருந்தாலும் தினமும் ஒரு நகல் எங்கள் சர்வருக்கு வருகிற மாதிரி செய்துகொண்டேன்.

அதிகம் இழுபறியானது நிறுத்தும் பொத்தான். எல்லா அப்டேட்டையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் உரிமை எங்கள் கையில் வேண்டும் என்றேன். "எங்களை நம்பலாம் சார்" என்றார் அவர். பழைய பாம்பன் ரயில் பாலத்தைச் சொன்னேன். அதில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். டிரைவர் மேல் நம்பிக்கை இல்லாமலா அதை வைத்தார்கள்? பாலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, பொத்தான் கிடைத்தது.

அடுத்த வருஷம் ஜூன் 15 ராத்திரி கூடத்திலேயே படுத்தேன். பொத்தானை அழுத்திவிட்டுத்தான் படுத்தேன், ஆனாலும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை எனக்கு முன்னால் வந்திருந்தார். நீள நோட்டில் தேதி போட்டு, கோடு கிழித்து, மேஜை மேல் விரித்து வைத்திருந்தார். முதல் பெட்டி மேடை ஏறியது. அவர் திரையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முழிச்சிருக்கா தம்பி?"

"முழிச்சிருக்குண்ணே."

சரி என்று தலையாட்டிவிட்டு, திரையில் விழுந்த எண்ணை நோட்டிலும் எழுதிக்கொண்டார்.