டோக்யோ வாழ்க்கையும் ஷுங்கா படங்களும்

டோக்யோல நிஷிகசாய்ங்கற ஏரியாவுல குடியேறின புதுசுல ஊர்ல இருந்து போன் பண்ற பசங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான், அங்க எல்லாமே ஓப்பனாமே மச்சான்னு. பாக்க அப்படித்தான் இருந்துச்சு, கடையில ஓனிகிரி (சோத்து உருண்டை) வாங்க போனாலே ஜன்னலோரம் அடல்ட் புக் அடுக்கியிருக்கும் (2019ல பெரிய செயின் கடைகள் அத நிறுத்திட்டாங்க). ஆனா அடல்ட் வீடியோவ போட்டா பிறப்புறுப்பு மேல மட்டும் மொசைக், அதாவது கட்டம் கட்டமா மங்கலாக்கி வச்சிருப்பாங்க. இவ்ளோ காட்டிட்டு அத மட்டும் எதுக்கு மறைக்கறாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

2015ல எய்செய் புங்கோங்கற சின்ன மியூசியம்ல ஷுங்கா கண்காட்சி வச்சாங்க, எடோ காலத்து (1603-1868) காமப் படங்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 2013லயே வச்சாச்சு, இங்க பெரிய மியூசியம் எதுவும் இடம் குடுக்க முன்வரல. 18 வயசுக்கு மேலதான் அனுமதி. நானும் வொய்ஃபும் போனோம், அவளுக்கு வாசல் வரைக்கும் கூச்சம், உள்ள போனா பாட்டிங்க, ஆபீஸ் பொண்ணுங்க எல்லாம் கண்ணாடிகிட்ட குனிஞ்சு பாத்து சிரிச்சுப் பேசிட்டிருக்காங்க, அதுக்கப்புறம் அவதான் என்னைவிட நிதானமா பாத்தா. எந்தப் படத்துலயும் எதையும் மறைக்கல, சொல்லப்போனா பெருசாக்கித்தான் வரைஞ்சிருக்காங்க.

அப்புறம் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள்ல ஷுங்கா புக் தேட ஆரம்பிச்சேன். உதமாரோங்கற ஓவியர் 1788ல போட்ட உதமகுராங்கற ஷுங்கா புக்ல ஒரு படம், டீக்கடை மாடியில ஒரு ஜோடி, அவ நமக்கு முதுகு காட்டிட்டு இருக்கா, அவன் முகத்துல அவ கொண்டைக்குக் கீழ ஒரே ஒரு கண்ணு மட்டும் தெரியுது, மெல்லிசு துணி வழியா கால் தெரியுது, அவ்ளோதான். மொத்த ஆசையும் அந்த வெள்ளைப் பிடரியில இருக்கு! பிடரி முடி ஒவ்வொண்ணையும் மரக்கட்டையில செதுக்கி எடுத்திருக்காங்க. ஷுங்கால முக்கால்வாசி பேர் கிமோனோவோடதான் இருப்பாங்க. சென்டோவுக்கு (பொதுக் குளியல் கூடம்) போய் பழகினா இது ஈஸியா புரியும், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம்னு ஊரே துணியில்லாம குளிக்கற இடத்துல வெறும் உடம்பு பெரிய விஷயமே இல்ல, துணி விலகறதுதான் விஷயம்.

காமப் புத்தகங்களுக்கு 1722லயே தடை வந்துச்சு, ஆனாலும் மறைவா வித்துட்டேதான் இருந்தாங்க. மெய்ஜி காலத்துலதான் (1868-1912) மேல்நாட்டுக்காரன் என்ன நினைப்பானோங்கற கவலை வந்து பிடி இறுகுச்சு. 1901ல குரோதா செய்கியோட நிர்வாண ஓவியத்துக்கு இடுப்புக்குக் கீழ துணி கட்ட வச்சாங்க. ஆபாசமானத பரப்பக் கூடாதுங்கற, 1907 தண்டனைச் சட்டத்தோட 175வது பிரிவுதான் இன்னைக்கும் மொசைக் போட வைக்குது. அதுக்குத் தப்பிக்க டைரக்டர் ஓஷிமா நாகிசா 1976ல எடுத்த காமப் படத்தோட நெகட்டிவ பிரான்ஸுக்கு அனுப்பி டெவலப் பண்ணினாரு, அப்படியும் இங்க மறைச்சுத்தான் ஓட்டினாங்க. அதோட ஸ்கிரிப்ட் புத்தகத்து மேல கேஸ் போட்டு, 1982லதான் விடுதலை உறுதியாச்சு.

எனக்குத் தாங்காதது வேற ஒண்ணு. 2014ல சிறுவர் ஆபாசப் படங்கள வச்சிருக்கறதே குற்றம்னு சட்டம் திருத்தினப்ப மங்காவையும் (காமிக்ஸ்) அனிமேவையும் (கார்ட்டூன் படம்) அந்தச் சட்டத்துல சேர்க்காம விட்டுட்டாங்க. படைப்புச் சுதந்திரம்னு அவங்க சொல்ற வாதம் எனக்குப் புரியுது, ஆனா வயசுக்கு வந்த ரெண்டு பேர் விரும்பிச் சேர்றத மறைக்கற சட்டம், வரைஞ்ச குழந்தைய மட்டும் எப்படி விட்டுவைக்குதுன்னு இத்தனை வருஷமாகியும் என்னால ஏத்துக்க முடியல.