டி4 நாட்குறிப்பு: மே மாதம்

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். குடியாத்தத்தில் வெயிலைப் பற்றிப் புலம்பாத வீடு கிடையாது, ஆனால் எனக்கு அது வேறு கணக்கு. முதுகெலும்பில் மார்பு உயரத்தில் உள்ள டி4 இடத்தில் தண்டுவடம் அடிபட்டதால் மார்புக்குக் கீழே எனக்கு வியர்ப்பதில்லை. வியர்க்காத உடம்பு சூட்டை உள்ளேயே தேக்கிக்கொள்ளும். கிருமி எதுவும் இல்லாமலே உடம்பு அனலாகக் கொதிக்கும். அதனால் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு எழுதும் வேலையை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறேன். வெயில் ஏறியதும் கழுத்தில் ஈரத்துண்டு, கை கால்களில் ஸ்பிரே பாட்டில் தண்ணீர், எதிரே டேபிள் ஃபேன்.

"நிறைய தண்ணி குடி" என்கிறார்கள். குடிக்கிறேன். ஆனால் ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் சிறுநீர்ப்பை சீக்கிரம் நிறைந்துவிடும். கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் எடுக்கிறேன். ஒரு தடவையில் 400 மில்லிக்கு மேல் சேரக் கூடாது. அதனால் நாள் முழுக்கப் பிரித்துக் குடிப்பது, அதிகம் குடித்த நாளில் மூன்று மணி நேரத்திலேயே எடுத்துவிடுவது.

மே 6

காலையில் அம்மா பிடித்த கண்ணாடியில் பார்த்தபோது இடது பக்கம், உட்காரும் எலும்பின் மேல் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். இது வெளுக்கவில்லை. தொட்டால் சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாக இருந்தது. "கொசு கடிச்சிருக்கும்டி" என்றார் அம்மா. கொசுக்கடி ஓரிடத்தில் மேடாகத் தெரியும், இது தட்டையாகப் பரவியிருந்தது.

காரணமும் கிடைத்தது. வீல்சேரின் காற்றுக் குஷனில் வால்வு கசிந்து, உட்கார்ந்ததும் எலும்பு நேராகப் பலகையில் அழுத்தியிருக்கிறது. வலி தெரிகிற உடம்பாக இருந்தால் தானாக நகர்ந்து உட்காரும். எனக்கு அந்த வேலையைக் கடிகாரம் செய்கிறது. அரை மணிக்கு ஒரு அலாரம், இரண்டு நிமிடம் முன்னால் குனிந்து மடியில் மார்பைச் சாய்ப்பது. குஷனில் காற்று இல்லாவிட்டால் அதுவும் போதாது.

இன்று முழுக்கக் குப்புறப் படுக்கை. மார்புக்குக் கீழே தலையணை வைத்து லேப்டாப்பைத் தரையில் வைத்துக்கொண்டேன். மடியில் வைப்பதே இல்லை, அதன் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

மே 9

சிவப்பு மறைந்தது. குஷனுக்குப் புது வால்வு. ஒரு மணி நேரம் மட்டும் உட்கார்ந்து, மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

மே 12

அண்ணி வீட்டுப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. வீல்சேர் போகும் கழிப்பறை இருக்கிறது என்று மண்டபத்தில் போனில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் ஒரு படி, கதவு வீல்சேரைவிடக் குறுகல். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தலை தெறிக்கிற மாதிரி வலி. முகம் குப்பென்று சிவந்து, நெற்றியில் வியர்வை வழிந்தது, கைகளில் மயிர்க்கூச்சம்.

பக்கத்தில் இருந்த மாமா பதறிப்போய், "மயக்கம் வருது பாரு, படுக்க வைங்கம்மா" என்றார். வேண்டாம் என்று கத்தினேன். இது மயக்கம் இல்லை, ரத்த அழுத்தம் எகிறுவது. படுத்தால் இன்னும் ஏறும். அண்ணி என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, பாவாடை நாடாவையும் ஜாக்கெட் கொக்கியையும் தளர்த்தினார். பையில் இருந்த பிபி மெஷினில் 168 காட்டியது. எனக்கு வழக்கம் 100. மணமகள் அறையை ஒழித்துத் தரச் சொல்லி, கதீட்டர் விட்டதும் 600 மில்லி வந்தது. கால் மணி நேரத்தில் 112. அப்புறம்தான் அண்ணியின் கை நடுக்கம் நின்றது.

மே 14

இதற்குப் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா. டி6 (டி4-க்கு இரண்டு எலும்பு கீழே) அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு வரும். நிறைந்த சிறுநீர்ப்பை, இறுகிய மலம், புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் என்று கீழே எது தொந்தரவு கொடுத்தாலும் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. அவற்றைத் தளர்த்தச் சொல்லும் மூளையின் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. காரணத்தை நீக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். எங்களைப் போல அடிபட்ட பலருக்கு 100, 110தான் சாதாரணம் என்பதால், 140 என்றால் "பரவாயில்லையே" என்று மருத்துவமனையில்கூட அனுப்பிவிடலாம். எங்களுக்கு அது அபாயம்.

வேலூர் பாகாயத்தில், டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் உள்ள மறுவாழ்வு நிலையத்தில்தான் இதெல்லாம் கற்றேன். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். வேலூர்க்காரியாக எனக்கு அதில் பெருமை உண்டு.

மே 17

ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்தாயிற்று: படுக்க வைக்காதீர்கள், உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். சிறுநீர்ப்பையைப் பாருங்கள், பிறகு மலக்குடலைப் பாருங்கள். என் வழக்கமான பிபி 100/60. குறையாவிட்டால் உடனே 108.

பனைமரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட ஒரு பையன் அடுத்த தெருவில் இருக்கிறான். அவனுக்கு எப்போதும் சிறுநீர் டியூப்பும் பையும் மாட்டியிருக்கும். டியூப் மடங்கினாலே இது வரும் என்று அவன் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எல்லாம் காட்டிக்கொடுத்தேன். அவர்கள் வீட்டில் பிபி மெஷின் இல்லை. சம்பளம் வந்ததும் ஒன்று வாங்கித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை எங்களுடையது அங்கேயும் இங்கேயும் போய்வரும்.