சைக்கிளில் ஒரு டிவிஎஸ் 50 எஞ்சின்

காயலான் கடையில் கிடந்த டிவிஎஸ் 50 எஞ்சினை அப்பாவின் பழைய சைக்கிளில் ஏற்றிவிட்டேன். 1980-இல் வந்த வண்டியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 50 சிசி. இரண்டு ஸ்பேனர் இருந்தால் பிரித்துவிடலாம், அதனாலேயே அதன்மேல் அவ்வளவு பிரியம்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் சமவெளிக்கு வைத்த மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சின்னத் திருகு) இங்கே பெட்ரோலை அதிகமாக விடும், பிளக்கில் கரி பிடிக்கும். ஒரு அளவு சின்ன ஜெட் போட்டதும் சத்தமே தெளிந்துவிட்டது.

பிரேக் விஷயத்தில் கறாராக இருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் அதிகம் இழுத்துப் பிடிக்காது. மழையில் நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். நான் மொபெட் சக்கரத்தையே டிரம் பிரேக்கோடு மாட்டினேன்.

25 சிசியைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். ஆகவே பதிவில்லாத என் வண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள்தான் ஓடுகிறது.